மெதுவாகப் பறக்கும் சிறகு

அன்புள்ள அம்மா,

சீசனில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலையேற அரை நாள் ஆகிறது. ஒரே ஆள் உட்கார்ந்து, மொபெட் மாதிரி மெதுவாகப் பறக்கும் எடை குறைந்த விமானம் இருந்தால்? வேகம் குறைந்தால் ஆபத்தும் குறையும்தானே? ஒன்று வரைந்திருக்கிறேன். என்ன மோட்டார் போடலாம்? அதற்கு முன், மன்னவனூர் புல்சரிவில் சிறகை மட்டும் கட்டிக்கொண்டு ஓடிக் குதித்துப் பார்க்கப் போகிறேன்.

வாசகர், வில்பட்டி

அன்புள்ள தம்பி,

மோட்டார் கிடக்கட்டும். குதிக்காதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ சொல்வதில் பாதி சரி. வேகம் பாதியானால் மோதும் ஆற்றல் கால்பங்காகிவிடும். ஆனால் நம் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே 40 கிலோமீட்டர் வேகத்தில் தூக்கும் இறக்கை இங்கே 44 கேட்கும். அப்புறம், எதிர்க்காற்றும் அதே 44 அடித்தால் நீ நின்ற இடத்திலேயே நிற்பாய்.

1979இல் பிரையன் ஆலன் பெடலை மிதித்தே ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். விமானத்தின் எடை 32 கிலோ. அதை நினைத்து நானும் எத்தனையோ இரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன். ஆனால் அவரே அமைதியான விடியலில்தான் கிளம்பினார். நடுவில் எதிர்க்காற்று எழுந்ததும் கைவிடும் நிலைக்கு வந்துவிட்டார்.

பூம்பாறையில் எங்கள் பூண்டுக் காட்டுக் கொட்டகையின் தகரத்தை ஓர் ஆடி மாதம் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. மேடு வரைக்கும் காற்றாடி போல அழகாக ஏறியது. மேட்டைத் தாண்டியதும் யாரோ கையால் அறைந்த மாதிரி தரையில் விழுந்து மடங்கியது. அப்பா ஓடவில்லை. "இந்தப் பக்கம் தூக்கும், அந்தப் பக்கம் அமுக்கும். அதுதான் மலைக்காத்து" என்றார். எனக்கு அப்போது பத்து வயது. அந்தத் தகரத்தின் இடத்தில் உன்னை வைத்துப் பார்க்கிறேன், தம்பி. நெஞ்சு பதறுகிறது.

சிறகு கட்டிப் பறந்த முன்னோடி லிலியந்தால் ஜெர்மனியில் தனக்கென்று ஒரு குன்றையே கட்டினார், காற்று எந்தத் திசையில் வந்தாலும் அதற்கு முகம் கொடுத்து ஓடுவதற்காக. ஆயிரக்கணக்கான தடவை பறந்தவர். அவர் சிறகும் மெதுவானதுதான், இலேசானதுதான். 1896இல் சுமார் 15 மீட்டரிலிருந்து விழுந்து மறுநாள் இறந்தார். அவரை விடவா உனக்குக் காற்று தெரியும்?

வரைபடத்தை அனுப்பு, ஆசையாகப் பார்க்கிறேன். மன்னவனூருக்கும் போ. சிறகை வீட்டில் வைத்துவிட்டு, நீளக் கம்பில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டி எடுத்துப் போ. மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மணி நேரம், அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் நில். ஓர் ஆடி முழுக்கப் பார்த்துவிட்டு, துணி எந்தப் பக்கம் எப்படி ஆடியது என்று எழுது.