வாசகர் கேள்வி – பதில்: ‘தி விட்ச்சஸ்’ மறுஆக்கம் பற்றி

கேள்வி: ராபர்ட் ஸெமெக்கிஸ் 2020இல் எடுத்த ‘தி விட்ச்சஸ்’ படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 1990ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்கள் பழையதுதான் மேல் என்கிறார்கள். இது இளமைக்கால ஏக்கம் மட்டும்தானா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஏக்கம் இருக்கிறது, ஆனால் அதை மட்டுமே காரணமாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. குழந்தைகளை எலிகளாக்கும் சூனியக்காரிகளைப் பற்றி ரோல்ட் டால் எழுதிய சிறுவர் நாவல்தான் இரண்டு படங்களுக்கும் மூலம். நிக்கோலஸ் ரோக் இயக்கிய பழைய படத்தில் சூனியக்காரிகளின் தலைவியாக நடித்தவர் அஞ்செலிக்கா ஹ்யூஸ்டன். விடுதி மண்டபத்தின் கதவைத் தாழிட்டுவிட்டு அவர் தம் முகத்தோலை உரித்தெடுக்கும்போது வெளிப்படும் நீண்ட மூக்கும் கூன் முதுகும், பல மணி நேர ஒப்பனையால் அவர் உடலோடு பொருத்தப்பட்டவை. எலிகளைப் பொம்மைகளாகச் செய்து இயக்கியது பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனின் பட்டறை. 1990 மே மாதம் மறைந்த ஹென்சன் நேரடியாக உழைத்த கடைசிப் படங்களுள் இதுவும் ஒன்று. புதிய படத்தில் அதே தலைவியாக நடித்த ஆன் ஹாத்வேயின் வாய் காதுவரை விரிவதும், எலிகள் ஓடிப் பேசுவதும் கணினி வரைகலை. தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் நடிகருக்கு எதிரே இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்வையாளர்கள், குறிப்பாகக் குழந்தைகள், எளிதில் உணர்ந்துவிடுகிறார்கள். அந்த வகையில் பழைய படத்தின் ரசிகர்கள் சொல்வது சரியே. ஆனால் அதே பழைய படம் விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றும் திரையரங்குகளில் பெரிய வெற்றியடையவில்லை என்பதையும், அதன் புகழ் பின்னாளில்தான் வளர்ந்தது என்பதையும் அவர்கள் நினைவில் கொண்டால், புதிய படத்தின் மீது இத்தனை விரைவாகத் தீர்ப்பு எழுதமாட்டார்கள்.

கேள்வி: ஆன் ஹாத்வேயின் கைவிரல்களுக்காக இவ்வளவு பெரிய எதிர்ப்பு எழுந்தது தேவைதானா? கற்பனைப் படத்தில் எதைக் காட்டினால்தான் என்ன? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தேவைதான் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் படத்தில் சூனியக்காரிகள் கையுறையைக் கழற்றும்போது, சில விரல்கள் இல்லாமல், நடுவில் பிளவுபட்டது போன்ற கை தெரிகிறது. பிறவியிலேயே அப்படிப்பட்ட கைகளோடு வாழும் மனிதர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளும் இருக்கிறார்கள். தன்னுடைய கையைப் போன்ற ஒரு கையைப் பார்த்துத் திரையரங்கமே அலறும்போது அந்தக் குழந்தை என்ன நினைக்கும், மறுநாள் வகுப்பில் அதன் நிலை என்ன என்பதுதான் கேள்வி. பிரிட்டனின் பாராலிம்பிக் நீச்சல் வீராங்கனை ஏமி மாரன் வெளிப்படையாகக் கண்டித்தார். பாராலிம்பிக் விளையாட்டு அமைப்பும் தன் சமூக வலைத்தளக் கணக்கில் கண்டனம் தெரிவித்தது. 2020 நவம்பரில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது; ஹாத்வேயும் மன்னிப்புக் கேட்டார்.

நாவலில் உள்ள பூனை நகங்களுக்குப் புதிய வடிவம் கொடுக்க முயன்றதாகத் தயாரிப்புத் தரப்பு விளக்கியது. ஆனால் ரோல்ட் டால் 1983இல் எழுதிய நாவலில் கைகளைப் பொறுத்தவரை அச்சமூட்டுவது நகங்கள்தான். மெலிந்து வளைந்த அந்த நகங்களை மறைக்கத்தான் சூனியக்காரிகள் எப்போதும் கையுறை அணிகிறார்கள். விரல்களைக் குறைக்கச் சொல்லி நாவல் கேட்கவில்லை. இங்கே மூலக்கதைக்கு உண்மையாக இருந்திருந்தாலே இந்தத் தவறு நேர்ந்திருக்காது. மூலநூலும் முற்றிலும் குறையற்றது என்று நான் சொல்லவரவில்லை. அதில் சூனியக்காரிகளுக்குத் தலைமுடி கிடையாது, பொய்முடி அணிந்திருப்பார்கள். 2023இல் வந்த திருத்தப்பட்ட ஆங்கிலப் பதிப்பில், பெண்கள் பொய்முடி அணிய வேறு பல காரணங்களும் உண்டு, அதில் தவறேதுமில்லை என்ற பொருளில் ஒரு வரியைப் பதிப்பகம் சேர்த்தது. டாலின் எழுத்தில் கைவைத்ததற்காக அதற்கும் கடும் எதிர்ப்பு கிளம்பியது என்பது வேறு விஷயம்.

கேள்வி: சிறுவன் கடைசிவரை எலியாகவே இருந்துவிடுகிறானே! குழந்தைகள் படத்தை இப்படி முடிக்கலாமா? என் பேத்தி அழுதுவிட்டாள். – ஒரு மூத்த வாசகர், மதுரை

பதில்: ஐயா, தங்கள் பேத்தியின் கண்ணீரை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் இந்தப் படம் செய்த மிக நல்ல காரியம் அந்த முடிவுதான் என்று நினைக்கிறேன். பார்வையாளர் கருத்துகளில் இதற்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு. டாலின் நாவலில் சிறுவன் மறுபடி மனிதனாவதில்லை. எலி உருவில் இருக்கும் தான் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளே வாழ்வான் என்று அறியும்போது அவன் மகிழ்கிறான். ஏனென்றால் அவனுடைய பாட்டிக்கு வயது 86, பாட்டிக்குப் பிறகு வேறு யாரிடமும் வளர அவனுக்கு விருப்பமில்லை. பெற்றோரை இழந்த ஒரு குழந்தையின் மனத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன சிறுவர் கதைகள் அதிகம் இல்லை. 1990ஆம் ஆண்டுப் படத்துக்கு இரண்டு முடிவுகள் படமாக்கப்பட்டன. அவற்றில் நாவலைப் பின்பற்றிய முடிவு விடப்பட்டு, மனம் திருந்திய ஒரு சூனியக்காரி வந்து அவனைப் பழையபடி சிறுவனாக்கிவிடும் முடிவே திரைக்கு வந்தது. டாலுக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மறுஆக்கம், குழந்தைகளால் இழப்பைத் தாங்க முடியும் என்று நம்பி, நாவலின் முடிவுக்குத் திரும்பியது. எலியாகவே வளர்ந்துவிட்ட அவன் சோர்ந்துபோய் மூலையில் கிடக்கவில்லை; சூனியக்காரிகளை எதிர்கொள்வது எப்படி என்று மற்றக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறான். பேத்தியிடம் இந்தக் காட்சியைப் பற்றிப் பேசிப் பாருங்கள். அழுததோடு அவள் கவனித்த வேறு ஏதாவது வெளிவரக்கூடும்.

கேள்வி: கதைக்களத்தை அமெரிக்காவுக்கு மாற்றியது வலிந்து செய்ததாகச் சிலர் சொல்கிறார்களே? – ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: மாற்றியதில் தவறில்லை. நாவலின் நார்வேப் பாட்டிக்குப் பதிலாக, 1968ஆம் ஆண்டின் அலபாமாவில் வாழும் கறுப்பினப் பாட்டியாக ஆக்டேவியா ஸ்பென்சர் வருகிறார். காணாமற்போனால் யாரும் தேடமாட்டார்கள் என்று தோன்றும் ஏழைக் குழந்தைகளைத்தான் சூனியக்காரிகள் குறிவைக்கிறார்கள் என்றும், பணக்கார வெள்ளையர்கள் தங்கும் விடுதியில் பேரன் பாதுகாப்பாக இருப்பான் என்றும் அவர் கணக்குப் போடுகிறார். கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த அந்த மாநிலத்தில், அந்தக் காலத்தில், இது எவ்வளவு கனமான எண்ணம்! குறை என்னவென்றால், விடுதிக்குள் நுழைந்ததும் படம் அந்த எண்ணத்தை மறந்துவிடுகிறது. வலிந்து சேர்த்தார்கள் என்பதைவிட, சேர்த்ததைப் பாதியில் கைவிட்டார்கள் என்பதே என் மனக்குறை.

கேள்வி: ஆறு வயது மகனுக்கு எந்தப் படத்தைக் காட்டலாம்? – ஒரு வாசகர், சேலம்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ஒன்பது, பத்து வயதில் முதலில் நாவலைப் படிக்கக் கொடுங்கள்; பிறகு 2020ஆம் ஆண்டுப் படத்தை நீங்களும் உடன் அமர்ந்து காட்டுங்கள். கைகள் வெளிப்படும் காட்சியில் சற்று நிறுத்தி, இப்படிப்பட்ட கைகளோடு மனிதர்கள் வாழ்கிறார்கள், அதில் பயப்பட எதுவுமில்லை என்று சொல்லிவிடுங்கள். 1990ஆம் ஆண்டுப் படத்தின் முகத்தோல் உரியும் காட்சி இன்றும் பெரியவர்களையே திடுக்கிட வைப்பதால், அதை இன்னும் ஓரிரு ஆண்டுகள் கழித்து, இரவில் அல்லாமல் பகலில் காட்டுவது நல்லது.