படத்தை நீங்கள் வரைந்தால் கணக்கை யார் போடுவது?

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பத்தாவதில் நல்ல மதிப்பெண். இப்போது இயற்பியலில் உராய்வு, கப்பி என்று கணக்கு வந்தாலே தப்பாகப் போடுகிறான். சூத்திரங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான், விடை மட்டும் வருவதில்லை. ஏற்கெனவே இரண்டு டியூஷன். வீடு திரும்பவே இரவு ஒன்பதாகிவிடும். பாவம் என்று வீட்டுப்பாட நோட்டில் படங்களை மட்டும் கைடைப் பார்த்து நானே வரைந்து வைத்துவிடுவேன். அவன் அப்பாவோ, “எல்லாம் நீ கொடுக்கிற செல்லம்” என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். மூன்றாவதாக ஒரு டியூஷன் வைக்கலாமா, இல்லை குரூப்பையே மாற்றிவிடலாமா?
— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: மூன்றாவது டியூஷனும் வேண்டாம், குரூப்பும் மாற வேண்டாம். முதலில் நீங்கள் பென்சிலைக் கீழே வையுங்கள் அம்மா.

மதிப்பெண், டியூஷன், குரூப் என்று எழுதிக்கொண்டே வந்து, போகிற போக்கில் படம் வரைந்து கொடுப்பதைச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது. இந்தப் பாடத்தில் இயற்பியல் என்று இருப்பதே அந்தப் படம்தான். எந்தப் பொருளின் மேல், எந்தெந்த விசை, எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டால் மிச்சம் இருப்பது கூட்டல் கழித்தல். மூளைக்கு வேலை தரும் பகுதியை நீங்கள் எடுத்துக்கொண்டு, கூலி வேலையை மகனிடம் கொடுத்திருக்கிறீர்கள். அதையும் யோசித்து வரையவில்லை, கைடைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி. மறுநாள் அதைத் தன் வேலை என்று ஆசிரியரிடம் நீட்டுகிறானே, அந்தப் பொய்க்கும் நீங்கள்தான் துணை.

ஒரு கணக்கைப் பாருங்கள். மேசை மேல் 4 கிலோ கட்டை. அதில் கட்டிய கயிறு மேசை ஓரத்துக் கப்பி வழியாக இறங்குகிறது, நுனியில் 2 கிலோ எடைக்கல் தொங்குகிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3 (மேசை தாங்கும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகும் என்று சொல்லும் எண்கள்: முதலாவது அசையும் முன் அதிகபட்சம், இரண்டாவது நகரும்போது). புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பிள்ளை நேராகச் சூத்திரத்தில் குதிப்பான். அதற்கு முன்னால், கட்டை நகருமா என்று பார்க்க வேண்டாமா? கட்டையின் எடை 40 நியூட்டன், மேசை அதை மேல்நோக்கித் தாங்குவதும் 40. ஆக, ஓய்வுநிலை உராய்வு அதிகபட்சம் 0.4 × 40, அதாவது 16 நியூட்டன் வரைதான் பிடித்து வைக்கும். கல் இழுப்பது 20. நகரும். நகர ஆரம்பித்ததும் 0.4-க்கு வேலையில்லை. இனி 0.3தான், உராய்வு 12 நியூட்டன்.

இப்போது படம். ஒன்று போதாது, இரண்டு. கட்டைக்குத் தனியாக: கப்பிப் பக்கம் இழுவிசை (கயிறு இழுக்கும் விசை), எதிர்ப்பக்கம் 12, மேலே 40, கீழே 40. கல்லுக்குத் தனியாக: மேலே அதே இழுவிசை, கீழே 20. நீளாத கயிறு என்பதால் இரண்டுக்கும் முடுக்கம் ஒன்றே. கட்டைக்கு: இழுவிசை − 12 = 4 × முடுக்கம். கல்லுக்கு: 20 − இழுவிசை = 2 × முடுக்கம். இரண்டையும் கூட்டினால் இழுவிசை அடிபட்டுப்போய் 8 = 6 × முடுக்கம். முடுக்கம் 1.33, இழுவிசை 17.3 நியூட்டன். பாதிப் பிள்ளைகள், தொங்குவது 2 கிலோதானே என்று இழுவிசையை 20 என்று எழுதிவிட்டு வருவார்கள். 20 ஆக இருந்தால் கல்லின் மேல் நிகர விசையே இல்லையே, அது எப்படி வேகம் கூடி இறங்கும்? கல்லுக்குத் தன் கையால் படம் போட்டவன் இதில் மாட்டமாட்டான்.

இதே கணக்கில் ஓய்வுநிலைக் குணகத்தை 0.6 ஆக்கி உங்கள் மகனிடம் கொடுங்கள். 0.6 × 40, உராய்வு 24 என்று எழுதி, 20-இல் 24 போக மைனஸ் 4 என்று வந்து நிற்பான். சும்மா கிடக்கிற கட்டையை உராய்வு பின்பக்கமாக ஓட்டுகிறதாம்! 24 என்பது உச்சவரம்பு. இழுக்கிற அளவுக்குத்தான் ஓய்வுநிலை உராய்வு எதிர்த்து நிற்கும். இங்கே உராய்வு 20, முடுக்கம் பூஜ்யம், இழுவிசையும் 20. அவ்வளவுதான் கணக்கு.

சாய்தளத்தில் உங்கள் கைடு படம் இன்னும் மோசமாகக் கைவிடும். 37 டிகிரி சரிவில் 10 கிலோ பெட்டி, உச்சியில் கப்பி, மறுபக்கம் ஒரு கல். இரண்டு குணகமும் 0.2 என்று இருக்கட்டும். பெட்டியின் எடை 100 நியூட்டன். அதில் சரிவோடு கீழே இழுப்பது 60 (sin 37° சுமார் 0.6, cos 37° சுமார் 0.8). சரிவு தாங்குவது 80 (100 என்று போட்டால் அங்கேயே கணக்கு போச்சு), ஆகவே உராய்வின் உச்சம் 16. கல் 3 கிலோ என்றால் பெட்டி கீழே சறுக்கும், உராய்வு அம்பு மேல்நோக்கி. 8 கிலோ என்றால் பெட்டி மேலே ஏறும், அம்பு கீழ்நோக்கி. 5 கிலோ என்றால் வித்தியாசம் 10தான், பெட்டி அசையாது, உராய்வு 10, மேல்நோக்கி. ஒரே சரிவு, ஒரே பெட்டி, மூன்று படம். கைடில் இருப்பது ஒன்று. அதை அழகாக வரைந்து வைத்து மூன்று கணக்குக்கும் அதையே பழக்கிவிட்டீர்கள்.

செல்லம் என்று பழியை உங்கள் மேல் போட்டுவிட்டு டிவி பார்க்கிறவருக்கும் வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து கப்பி செய்யட்டும். நூல் தீர்ந்த பிளாஸ்டிக் உருளையை ஒரு பென்சிலில் கோத்து மேசை ஓரத்தில் பொருத்தினால் போதும். டிபன் பாக்ஸில் அரிசி போட்டு, பாக்ஸோடு சேர்த்து 500 கிராமாக நிறுத்துக்கொள்ளுங்கள். நூலின் மறுமுனையில் சின்ன பிளாஸ்டிக் டம்ளர். மருந்து மூடியால் அளந்து தண்ணீர் ஊற்றட்டும், ஒரு மில்லி ஒரு கிராம். டம்ளரும் தண்ணீருமாக 150 கிராம் ஆகும்போது பாக்ஸ் அசைந்தால் ஓய்வுநிலைக் குணகம் 0.3. அரிசி சேர்த்து பாக்ஸை ஒரு கிலோ ஆக்கினால் 300 கிராம் கேட்கும், குணகம் மாறாது. உருளை இல்லாமல் நூலை மேசை விளிம்பிலேயே உரச விட்டால், அந்த உராய்வுக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும், குணகம் கூடுதலாகக் காட்டும். நூல் மேசைக்கு இணையாகப் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கப்பி உயரமாக இருந்தால் நூல் பாக்ஸைக் கொஞ்சம் தூக்கிவிடும், மேசை தாங்குவது குறையும். தாங்கு விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று எழுதுகிற பழக்கம் அங்கே உடையும்.

பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவது பெற்றவர்கள் கடமை. பிள்ளையின் நோட்டில் எழுதுவது கடமை ஆகாது, அது எவ்வளவு பாசத்தில் செய்தாலும் திருட்டுத்தான். இரண்டு டியூஷனில் ஒன்றை இந்த மாதமே நிறுத்துங்கள். மிச்சமாகும் நேரத்தில் தினம் இரண்டே கணக்கு, விடை வேண்டாம், படம் மட்டும். ஒவ்வொரு அம்பையும் காட்டி, “இதை இழுக்கிறது யார், தள்ளுகிறது யார்?” என்று கேளுங்கள். இயற்பியல் தெரியாவிட்டாலும் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாம். கயிறு, மேசை, பூமி என்று பெயர் சொல்ல முடியாத அம்பை அவனே அழிக்கட்டும். ‘இயக்க விசை’ என்று முன்பக்கம் ஓர் அம்பு கட்டாயம் போட்டிருப்பான், முதலில் போக வேண்டியது அதுதான்.

முதல் இரண்டு வாரம் வீட்டுப்பாடம் முடியாது. வகுப்பில் திட்டு விழும். விழட்டும், சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பாதீர்கள். குரூப் மாற்றும் பேச்சைக் காலாண்டுத் தேர்வு முடிந்தபிறகு எடுங்கள், அதுவும் அவனாகக் கேட்டால்.