சபையை விட்டு விலகுகிறவர்களைச் சபை எப்படி நடத்த வேண்டும்?

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். கேள்விக்கு என் பதில் இதுதான்: ஒருவர் விலகிவிட்டால் அவர்மேல் சபைக்கு இருந்த அதிகாரம் அன்றோடு முடிய வேண்டும், அன்பு முடியக் கூடாது. நடப்பது நேர்மாறாக இருக்கிறது. அன்பு அன்றைக்கே நின்றுவிடுகிறது, அதிகாரம் மட்டும் கல்லறை வரைக்கும் கூடவே வருகிறது.

கல்லறை என்று தெரிந்துதான் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒருவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால், சந்தாப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த வீட்டில் சாவு விழும்போது பாருங்கள். தாத்தாவும் பாட்டியும் அடக்கமான தோட்டத்தில் இடம் கிடையாது என்பார்கள். இல்லாவிட்டால் இத்தனை வருடப் பாக்கியைக் கட்டு, உங்கள் பாஸ்டர் உள்ளே வந்து ஜெபிக்கக் கூடாது என்று நிபந்தனை வரும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அம்மாவின் உடல் வீட்டில் கிடக்க, மகன்கள் கமிட்டிக்காரர்களின் வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள். அந்த அம்மா கடைசிவரை எங்கள் சபைதான். மகன்கள் போனதற்கு அவரைத் தண்டித்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

கேரளத்தில் தேவாலயங்கள் யாருக்கு என்று ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய சபைகள் நடத்திய வழக்கில் இதே கொடுமை பெரிதாக நடந்து, முன்னோரின் கல்லறையில் அடக்கம் செய்யும் உரிமைக்காக 2020இல் மாநில அரசு தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. அரசாங்கம் வந்து சொல்லும்வரை காத்திருந்தோமே என்று கிறிஸ்தவர்கள் வெட்கப்பட வேண்டிய விஷயம் இது.

பழைய சபைகளை மட்டும் குறை சொல்லவில்லை. சில சுயாதீன சபைகளில் விலகினவரைப் பின்மாற்றக்காரர், அதாவது விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கியவர் என்று பிரசங்கத்திலேயே சாடுவார்கள். அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட, அபிஷேகம் பெற்றவரை, அதாவது பாஸ்டரை, எதிர்த்ததன் பலன் என்பார்கள். பயந்துகொண்டே தங்கிவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் காலின்ஸ்வில் என்ற சிற்றூரில் ஒரு வழக்கு நடந்தது. மரியன் கின் என்ற பெண்ணின் சொந்த வாழ்க்கையைப் பற்றிச் சபை மூப்பர்கள் அவரை விசாரித்தார்கள். 1981இல் அவர் விலகல் கடிதம் கொடுத்தார். அதற்கு அப்புறமும் அவர் குற்றம் என்று தாங்கள் கருதியதைச் சபை நடுவே அறிவித்தார்கள், அக்கம்பக்கத்துச் சபைகளுக்கும் தெரிவித்தார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. அவர் உறுப்பினராக இருந்தவரை ஒழுங்கு நடவடிக்கை சபையின் உரிமை, விலகிய பிறகு செய்ததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 1989இல் தீர்ப்பு வந்தது.

இது உலக நீதிமன்றத்தின் பேச்சு என்று சொல்வார்கள். சரி, வேதத்துக்கே வருவோம். சபை ஒழுங்குக்கு எல்லாரும் எடுத்துக்காட்டுகிற 1 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தின் முடிவிலேயே, புறம்பே இருக்கிறவர்களைத் தீர்க்கிறது என் காரியமா என்று பவுல் கேட்கிறார். யோவான் 6இல் சீஷர்களில் அநேகர் பின்வாங்கிப் போனபோது இயேசு அவர்களைச் சபிக்கவில்லை. மீதியிருந்த பன்னிருவரிடம், நீங்களும் போக விரும்புகிறீர்களா என்றுதான் கேட்டார்.

அதனால் யாராவது போகிறேன் என்றால் குருவானவர் ஒரு முறை வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்கட்டும். கமிட்டியையே திரட்டிக்கொண்டு போக வேண்டாம். வேறு சபையில் சேர அவர் கேட்ட கடிதத்தை இழுத்தடிக்காமல் கொடுக்கட்டும். போகிறவரின் காரணம் சில சமயம் நம் சபையின் குறையாகவே இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளவும் வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. பணத்தைக் கையாடியவரோ பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவரோ விலகல் கடிதத்தின் பின்னால் ஒளிய முடியாது. அங்கே பாதிக்கப்பட்டவர்களின் பாதுகாப்புதான் முதலில், போலீசுக்குத்தான் போக வேண்டும்.

திரும்பி வருகிறவர்கள் விஷயத்திலும் நம் சபைகள் மாற வேண்டும். ஊழியப் பயணத்தைப் பாதியில் விட்டுப்போன மாற்குவைக் கூட்டிப்போக மறுத்து பர்னபாவோடு சண்டை போட்டுப் பிரிந்த அதே பவுல், பிற்காலத்தில் மாற்குவை அழைத்துவரச் சொல்லி எழுதினார். மன்னிப்புக் கடிதமும் பழைய பாக்கியும் கேட்டு அவரை வாசலில் நிறுத்தவில்லை. நம்மிடம் திரும்புகிறவரிடமும் எந்த மாதத்திலிருந்து சந்தா எழுதட்டும் என்று கேட்டால் போதும்.