‘அந்த இடம்’ என்று எழுதாதீர்கள்: இம்முறை வந்த கேள்விகள்

பதில்களுக்கு முன் வழக்கமான இரண்டு வேண்டுகோள்கள். வயது, கடைசியாக மாதவிலக்கான தேதி, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகிய மூன்றையும் எழுதாமல் மூன்று பக்கத்திற்குக் குடும்ப வரலாறு எழுதி அனுப்புகிறவர்களுக்கு என்னால் பதில் சொல்ல இயலாது. அடுத்து, ‘அந்த இடத்தில் எரிச்சல்’ என்று எழுதாதீர்கள். வெளியே தெரியும் பகுதி வல்வா. உள்ளே செல்லும் பாதை யோனி. சிறுநீர் வரும் துளை வல்வாவுக்குள் இருந்தாலும் யோனியிலிருந்து வேறானது. எரிச்சல் எங்கே என்பதைப் பொறுத்து நோயும் மாறும், மருந்தும் மாறும்.

கேள்வி: எனக்கு 24 வயது. திருமணமாகி மூன்று மாதங்கள் ஆகின்றன. உறவுக்கு முயலும்போதெல்லாம் தொடைகள் தாமாகவே இறுகிவிடுகின்றன. வலி தாங்க முடியவில்லை. ‘முதலில் அப்படித்தான் இருக்கும், பல்லைக் கடித்துக்கொள்’ என்கிறார் அக்கா.
— பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: அக்காவின் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், அறிவுரையை விட்டுவிடுங்கள். வலி இயல்பன்று. நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் வெஜைனிஸ்மஸ் எனப்படும் நிலை: கண்ணருகே கை வந்தால் இமை மூடிக்கொள்வதைப் போல, யோனியைச் சுற்றியுள்ள தசைகள் உங்கள் சம்மதத்தைக் கேட்காமலே இறுகிக்கொள்கின்றன. பாதை குறுகலாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முயலும் ஒவ்வொரு முறையும், அடுத்த முறையும் வலிக்கும் என்பதை உடல் மனப்பாடம் செய்துகொள்கிறது. ஆகவே முதல் மருந்து, சில வாரங்களுக்கு அந்த முயற்சியை முற்றிலும் நிறுத்திவைப்பதுதான். தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதை மகளிர் நோய் மருத்துவர் உறுதிசெய்த பின், தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும், டைலேட்டர் எனப்படும், அளவு சிறிது சிறிதாகக் கூடும் வழுவழுப்பான குழல்களை உங்கள் கையாலேயே பயன்படுத்தும் பயிற்சியும் தொடங்கும். சில மாதங்களில் பெரும்பாலோருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மகளிர் நோய்ப் பிரிவு உண்டு. பரிசோதனையின் நடுவே ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஏழு மாதம் ஆகிறது. மனைவிக்குத் தாம்பத்தியத்தில் ஆர்வமே இல்லை. அவருக்குத் தெரியாமல் பாலில் கலந்து கொடுக்க ஏதாவது மருந்து சொல்லவும்.
— ஒரு கணவர், காரிமங்கலம்

பதில்: ஒருவருக்குத் தெரியாமல் மருந்து கலந்து கொடுப்பது குற்றம், அதை முதலில் மனத்திலிருந்து அகற்றுங்கள். உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றி எட்டு வரிகள் இருக்கின்றன, மனைவி இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகிறார் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் உயர்ந்தும், பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்தும் இருக்கும். அதனால் விருப்பம் குறைவதும் யோனி வறண்டு போவதும் எதிர்பார்க்கக் கூடியவையே. அதன் மேல் இரத்தசோகையும் சேர்ந்தால் களைப்பைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது, ஹீமோகுளோபின் பார்த்தாயிற்றா? ஆசை தோன்றிய பிறகே நெருக்கம் என்ற வரிசை எல்லாப் பெண்களுக்கும் பொருந்துவதில்லை. பரிவும் ஓய்வும் கிடைத்து, நெருக்கம் தொடங்கிய பிறகே விருப்பம் எழுவதும் இயல்புதான் என்பதைக் கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். இரவில் குழந்தை அழும்போது நீங்கள் எழுந்து பாருங்கள். நான் எழுதித் தரக்கூடிய மருந்துச்சீட்டு இப்போதைக்கு அதுவே.

கேள்வி: மாம்பழக் காலம் வந்தாலே எனக்கு வெள்ளைப்படுகிறது. சூடுதான் காரணமா? சுத்தம் செய்யும் திரவத்தால் தினமும் கழுவுகிறேன்.
— விடுதியில் தங்கி வேலை செய்யும் வாசகி, ஓசூர்

பதில்: மாம்பழம் குற்றமற்றது, கிருஷ்ணகிரிக்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். யோனியில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அங்கே பி.எச். அளவுகோலில் ஏறக்குறைய 4 என்ற அளவில் அமிலத்தன்மையைக் காத்து, தொற்றைத் தடுக்கின்றன. உள்ளே திரவம் ஊற்றிக் கழுவுவது அந்தக் காவலை நீங்களே கலைத்துவிடுவதாகும். வெளியே வெறும் தண்ணீர் போதும், உள்ளே எதுவும் வேண்டாம்; இதை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. மாதவிலக்குச் சுழற்சிக்கேற்பக் கூடிக் குறையும் மணமற்ற கசிவு நோயன்று. தயிர்போல் திரண்டு அரிப்பு இருந்தாலோ, மீன் வாடை வீசினாலோ, பச்சை நிறமாக இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மகளுக்கு வயது 22. நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. அவள் பெங்களூரில் தனியாகத் தங்கி வேலை பார்த்தவள் என்பதால், கன்னித்திரை கிழியவில்லை என்று டாக்டர் சான்றிதழ் வேண்டுமென மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். எங்கே வாங்கலாம்?
— ஒரு தாய், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: எங்கேயும் வாங்க முடியாது, ஏனெனில் அப்படி ஒன்றைக் கண்டறியும் பரிசோதனை மருத்துவத்தில் இல்லை. யாராவது எழுதிக் கொடுத்தால் அது பொய்ச் சான்றிதழ்.

இந்தக் குழப்பத்திற்குப் பாதிக் காரணம் அந்தப் பெயர். திரை என்று சொன்னவுடன், வாசலை முழுவதும் மூடியிருக்கும் ஒரு துணியும், அது ‘கிழியும்’ ஒரு நாளும் மனத்தில் வந்துவிடுகின்றன. உண்மையில் அது யோனியின் வாயைச் சுற்றியுள்ள ஒரு மெல்லிய சவ்வு மடிப்பு. கரு வளர்ச்சியின்போது எஞ்சி நின்ற பகுதி. அது முழுவதும் மூடியிருந்தால் மாதவிலக்கு எந்த வழியாக வரும்? ஆயிரத்தில், இரண்டாயிரத்தில் ஒரு பெண் குழந்தைக்கு அப்படி மூடியே அமைந்துவிடுவதுண்டு. அதை அறுவை சிகிச்சையால் திறந்துவிட வேண்டியிருக்கும். மற்றவர்களுக்கு அது பிறைபோலவோ வளையம்போலவோ ஓரம் நெளிந்தோ, முகத்துக்கு முகம் மூக்கு வேறுபடுவதைப் போல வேறுபடும். நீளும் தன்மையுடையது என்பதால் உறவுக்குப் பின்னும் மாற்றமின்றி இருக்கலாம். உறவே கொள்ளாதவருக்கும் விளிம்பில் பிளவு இருக்கலாம். முதல் உறவில் பலருக்கு இரத்தம் வருவதே இல்லை. வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் அச்சமும் வறட்சியும் கணவரின் அவசரமுமே காரணம். வெள்ளைத் துணி விரித்து மணமகனின் நிதானமின்மையைத்தான் நாம் தலைமுறை தலைமுறையாக அளந்துகொண்டிருந்தோம்.

ஸ்வீடனின் பாலியல் கல்வி அமைப்பு ஒன்று 2009ஆம் ஆண்டில் அந்நாட்டு மொழியில் இருந்த ‘கன்னிச் சவ்வு’ என்ற சொல்லைக் கைவிட்டு, ‘யோனி வளையம்’ என்று பொருள்படும் புதுச்சொல்லைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தது. நாமும் அப்படியே சொல்லிப் பழகலாம். தமிழுக்குச் சொல் பஞ்சம் ஏதுமில்லை. இத்தகைய பரிசோதனைகளை எங்கும் ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்தன. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்களிடம் செய்யப்பட்டு வந்த ‘இரு விரல் சோதனை’ அவர்களின் கண்ணியத்தை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. 2022இல், அதைச் செய்பவர் தவறான நடத்தைக்குப் பொறுப்பாவார் என்றும் எச்சரித்தது. குற்ற விசாரணைக்கே ஆகாத ஒன்றைக் கல்யாணப் பேச்சுக்குள் கொண்டுவருகிறீர்கள்.

எனக்கும் இதில் ஒரு கூச்சம் உண்டு. பயிற்சிக் காலத்தில், மூத்த மருத்துவர் ஒருவர் ஒரு பெண்ணைப் படுக்கவைத்து அரை நிமிடம் பார்த்துவிட்டு இத்தகைய சான்றிதழை எழுதிக் கொடுத்தபோது, அருகில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்தப் பெண் வேலை முடியும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

‘தையல் போட்டுச் சரிசெய்கிறோம்’ என்ற பெங்களூர் விளம்பரங்களையும் அனுப்பிக் கேட்டிருக்கிறீர்கள். கெட்டுப்போகாத ஒன்றைச் சரிசெய்வதற்குப் பல ஆயிரம் ரூபாய் எதற்கு? மாப்பிள்ளை வீட்டாரிடம், மருத்துவர் மறுத்துவிட்டார் என்று என் பெயரைச் சொல்லியே பதில் கொடுங்கள். அதன் பிறகும் வற்புறுத்தும் வீட்டிற்கு மகளை அனுப்ப வேண்டுமா என்பதை மகளிடம் கேளுங்கள்; உங்கள் கடிதத்தில் அவருடைய கருத்து ஓரிடத்திலும் இல்லை.

கேள்வி: மகளிர் சுயஉதவிக் குழுக்களில் உடல்நலம் பற்றிப் பேசுகிறேன். வல்வாவின் மேற்பகுதியில் உள்ள இன்ப உறுப்பான கிளிட்டோரிஸ் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? என்னிடமுள்ள படங்களில் அது ஒரு புள்ளியாகக்கூட இல்லை.
— செவிலியர், ஊத்தங்கரை

பதில்: அகராதிகளில் பல பெயர்கள் உள்ளன, எதுவும் வாயில் நிலைக்கவில்லை. ‘பி.பி.’, ‘சுகர்’ என்று சொல்லப் பழகிய நம் பெண்களுக்கு ‘கிளிட்டோரிஸ்’ ஒன்றும் கடினமில்லை. அதையே சொல்லி, படம் வரைந்து காட்டுங்கள். புள்ளியாக வரையாதீர்கள். கண்ணில் படுவது நுனி மட்டுமே. மீதி உள்ளே இரு கவையாகப் பிரிந்து யோனியைத் தழுவிச் செல்கிறது, மொத்த நீளம் பத்து சென்டிமீட்டரை ஒட்டி வரும். ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ’கானல் இதை 1998இல் முறையாக ஆராய்ந்து வெளியிடும்வரை பல மருத்துவப் பாடநூல்களே இதை அரைகுறையாக வரைந்திருந்தன. கருவில் ஆணுறுப்பு எந்தத் திசுவிலிருந்து உருவாகிறதோ அதே திசுவிலிருந்து உருவாவது இது என்றும், பெரும்பாலான பெண்களுக்கு உச்சநிலை இதன் வழியாகவே கிட்டுகிறது என்றும் சொல்லுங்கள். முதலில் சிரிப்பார்கள், அடுத்த கூட்டத்திற்கு இன்னும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

கேள்வி: வயது 49. மாதவிலக்கு நின்று இரண்டு வருடங்கள் ஆகின்றன. உறவின்போது கண்ணாடிச் சில்லுபோல் குத்துகிறது. இந்த வயதில் இதைக் கேட்கலாமா?
— பென்னாகரம்

பதில்: கேட்கலாம்; வலி எந்த வயதிலும் இயல்பன்று. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் யோனியின் உட்சுவர் மெலிந்து வறள்கிறது. நீர் அடிப்படையிலான ஜெல் உடனடி உதவி. மருத்துவர் பரிந்துரைத்தால் உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு சில வாரங்களில் பலன் தரும். மார்பகப் புற்றுநோய் வந்தவராக இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்று ஓராண்டிற்குப் பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதே வாரத்தில் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: அவசரக் கருத்தடை மாத்திரையை மாதம் நான்கு முறை எடுக்கிறேன். பாதிப்பு உண்டா?
— அரூர்

பதில்: ‘அவசர’ என்ற சொல்லை யாரும் படிப்பதில்லை போலும். 72 மணி நேரத்திற்குள், எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று. ஆனால் அது வழக்கமான கருத்தடை முறையன்று. மாதவிலக்கு தேதி தாறுமாறாகும், கருவும் தங்கிவிடலாம். தினசரி மாத்திரை, காப்பர்-டி, ஆணுறை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் கூடாது, ரப்பர் பிய்ந்துவிடும்.

கேள்வி: சுய இன்பத்தால் பெண்களுக்குக் கருப்பை இறங்குமா?
— வயது எழுதவில்லை, நல்லம்பள்ளி

பதில்: இறங்காது. கருப்பையை இறக்குபவை அடுத்தடுத்த பிரசவங்கள், தீராத இருமல், மலச்சிக்கல், குழந்தை பெற்ற சில வாரங்களிலேயே தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் தூக்குவது ஆகியவை. உட்கார்ந்து எழும்போது அடியில் ஏதோ பிதுங்குவதாகத் தோன்றினால் மகளிர் நோய் மருத்துவரிடம் காட்டுங்கள், வயதையும் மறக்காமல் சொல்லுங்கள்.