மருத்துவம் படிக்கப் போகும் மகளுக்கு எந்தப் புத்தகங்களை வாங்குவது?

கேள்வி: "மகளுக்கு இங்கே சிங்கப்பூரில் எம்பிபிஎஸ் இடம் கிடைத்திருக்கிறது. சீனியர் பிள்ளைகள் கொடுத்த பட்டியலில் பதினான்கு புத்தகங்கள். எல்லாவற்றையும் இப்போதே வாங்கிவிடலாமா?"

மகளுக்கு என் வாழ்த்துகள். இப்படி ஒரு பட்டியல் எனக்கும் ஒரு காலத்தில் வந்தது. அப்பா ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில் அத்தனையையும் வாங்கிக் கொடுத்தார். பாதிக்கு மேல் பிரிக்காத புத்தகமாகவே கிடந்து, கடைசியில் அட்டைப்பெட்டிக்குப் போயின. ஒரு புத்தகமே நூறு வெள்ளியைத் தாண்டும் ஊரில் அந்த வருத்தம் இன்னொரு வீட்டுக்கு வேண்டாம்.

முதல் வருடத்துக்கு மூன்று போதும். உடற்கூற்றியலுக்கு ஒன்று, உடலியங்கியலுக்கு ஒன்று, நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கக் கற்றுத்தருவது ஒன்று. இந்த மூன்றாவதைப் பெரும்பாலும் எல்லாரும் தள்ளிப்போடுவார்கள். வார்டில் நிற்கும் காலம் வரட்டும், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அது தவறு என்று ஒருநாள் புரிந்தது.

மாணவனாக இருந்தபோது கப்பல் பட்டறையில் வேலை பார்த்த தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவரைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். வலது விலாவுக்குக் கீழே வலி. "தம்பி, ரெண்டு நாளா யூரின் தே ஓ மாதிரி போகுது" என்றார். தே ஓ என்றால் இங்கே பால் சேர்க்காத தேநீர். குறித்துக்கொண்டேன். உள்ளங்கையைப் பார்த்தேன், மார்பைப் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் சாதாரணமாகவே தெரிந்தது. நான் படித்த புத்தகத்தின் படத்தில் வெள்ளைக்காரர் ஒருவரின் மார்பு முழுக்க மஞ்சளாக இருக்கும். அதையே மனத்தில் வைத்துக்கொண்டு, காமாலை இல்லை என்று எழுதிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் அக்கா, "தம்பி, ஜன்னல் பக்கம் உக்கார வச்சுப் பாருங்க" என்றார். அவரே நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி, கட்டைவிரலால் மேல் இமையை மெல்லத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் கரைத்த தண்ணீர் போல இருந்தது அந்த வெள்ளை விழி. "நம்ம ஆளுங்க கண்ணுல எப்பவுமே கொஞ்சம் பழுப்பு இருக்கும். அதப் பாத்து ஏமாறக் கூடாது. இமைக்குள்ள, வெயில் படாத இடத்தப் பாக்கணும்." பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கத்தையும் காட்டினார். அங்கேயும் மஞ்சள். ஸ்கேனில் பித்தநாளத்தில் கல் இருந்தது.

அன்று இரவு அறைக்கு வந்து வீம்பாகப் புத்தகங்களைப் புரட்டினேன். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உருவாகிறது. அது தண்ணீரில் கரையாது, ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டே ரத்தத்தில் போகும், அதனால் சிறுநீரக வடிகட்டியைத் தாண்டாது. கல்லீரல் அதைக் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் அனுப்புகிறது. வழியில் கல் அடைத்தால், கரையும் அந்தப் பிலிருபின் ரத்தத்துக்கே திரும்பிச் சிறுநீரில் இறங்கும். அதுதான் தே ஓ நிறம். குடலுக்குப் பித்தம் போகாததால் மலம் வெளுக்கும். கண்ணில் முதலில் தெரிவதற்கும் காரணம் உண்டு: அங்கே உள்ள எலாஸ்டின் என்ற மீள்தன்மைப் புரதத்தோடு பிலிருபின் நன்றாக ஒட்டும் என்று புத்தகங்கள் சொல்லும். உயிர்வேதியியலில் மனப்பாடம் செய்து மறந்துபோயிருந்த பாதை அன்றைக்குப் பிறகு எனக்கு மறக்கவே இல்லை. மலத்தின் நிறத்தை அவரிடம் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் அன்று உறுத்தியது. பரிசோதனை நூலை முதல் வருடமே கையில் வைத்திருந்தால், அந்தப் பாதையைப் படிக்கும்போதே கேள்வியும் கூடவே வந்திருக்கும்.

இனி பெயர்கள். உடற்கூற்றியலுக்கு மூர் எழுதியது நல்லது. ஒவ்வொரு பகுதியையும் நோயோடு சேர்த்துச் சொல்லும். படங்களுக்கு நெட்டரின் அட்லஸ். அவர் அறுவை மருத்துவம் படித்துவிட்டு ஓவியத்துக்குப் போனவர், அந்த இரண்டு கையும் படத்தில் தெரியும். அதை நூலகத்தில் பார்த்துக்கொண்டாலும் போதும். உடலியங்கியலுக்குக் கைட்டன் எனக்கு மிகப் பிடித்த புத்தகம். 1956இல் முதலில் வந்தது. போலியோ தாக்கி அறுவை மருத்துவராகும் வழி அடைபட்ட ஒருவர் எழுதியது. ஏன், எப்படி என்று பொறுமையாக விளக்கும். தடிமன் பயமுறுத்தினால் கொஸ்டான்சோவின் மெல்லிய நூலில் தொடங்கட்டும். பரிசோதனைக்கு டாலி-ஓ'கானர் அல்லது மெக்லவுட், இரண்டில் ஏதாவது ஒன்று. நோய்க்கூற்றியலுக்கு ராபின்ஸ், பொது மருத்துவத்துக்கு டேவிட்சன். இவையெல்லாம் பிறகு வாங்கினால் போதும்.

பழைய பதிப்பு வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உடற்கூற்றியலுக்குத் தாராளமாக வாங்கலாம், எலும்பும் நரம்பும் இடம் மாறுவதில்லை. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளில் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். படிப்பை முடிக்கும் சீனியர்களிடம் கேட்டால் பாதி விலைக்கும் கிடைக்கும், சிலர் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். சிகிச்சை பற்றிய நூலை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு அமெரிக்க வழிகாட்டுதல் 2017இல் 130/80 என்று எல்லையையே இறக்கியது. கிருமித்தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் பழுதாகும் செப்சிஸுக்கு 2016இல் வரையறையே மாறியது.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். இந்த நூல்களில் பெரும்பாலானவை பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து வருபவை. உடல் எடைக் குறியீடு 25ஐத் தாண்டினால் அதிக எடை, 30ஐத் தாண்டினால் பருமன் என்று அவற்றில் இருக்கும். இங்கே 23இலேயே ஆபத்தைக் கணக்கில் எடுக்கிறோம், 27.5 என்றால் அதிக ஆபத்து. தோலின் சிவப்பு, நீலம் பாய்தல் எல்லாமே கறுத்த தோலில் வேறு மாதிரி தெரியும். 2020இல் லண்டன் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே இதற்காகவே ஒரு கையேடு வெளியிட்டார். அந்தப் படங்களை அவள் முதல் வருடத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இங்கே அவள் தொடப்போகும் நோயாளிகளில் தமிழர், மலாய்க்காரர், சீனர், வங்காளத் தொழிலாளர் எல்லாரும் இருப்பார்கள்.

கடைசியாகப் பாசார் கடையில் இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். நோயாளி தமிழில் சொல்வதை அப்படியே அதில் எழுதட்டும். "மயக்கமா இருக்கு" என்பார்கள். ஒருவருக்கு அது தலைசுற்றல், இன்னொருவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வருவது, மற்றொருவருக்கு நிஜமாகவே நினைவு தப்பியது. ஆங்கிலப் புத்தகத்தில் இவை மூன்றும் வேறு வேறு அத்தியாயம். "வாயு புடிச்சுக்கிச்சு" என்று முஷ்டியை மடக்கி நெஞ்சு நடுவில் வைத்துக் காட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம், உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். அந்த மடக்கிய கைக்கு லெவைன் அடையாளம் என்று பெயர். பரிசோதனை நூலில் அது உண்டு, 'வாயு' என்ற சொல் கிடையாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே டாக்டர் சாமுவேல் கிரீன் தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்துப் பாடநூல்களையும் தமிழாக்கினார். அந்த வேலை தொடர்ந்திருந்தால் இந்த நோட்டு தேவைப்பட்டிருக்காது என்று அடிக்கடி நினைப்பேன்.

என் நோட்டு இப்போதும் கிளினிக் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் "தே ஓ மாதிரி" என்று எழுதி, பக்கத்தில் பித்தநாளத்தை வரைந்து வைத்திருக்கிறேன். என்னோடு வரும் மாணவர்களுக்கு முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். மகள் விரும்பினால் படம் எடுத்து அனுப்புகிறேன்.