வொண்டர்வெர்க் குகையில் ஆதிமனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதை எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

கல்கருவிகள் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டிருக்கலாம், சாம்பல் காட்டுத்தீயால் வந்திருக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான்.

தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில் உள்ள இக்குகை, மலைக்குள் சுமார் 140 மீட்டர் நீள்கிறது. சாம்பல் கிடைத்ததோ வாயிலிலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் உள்ளே. மண்ணைக் கட்டியாகவே வெட்டியெடுத்து, பிசினால் இறுக்கி, மெல்லிய தகடுகளாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். புல், இலைகளின் சாம்பலும் எரிந்த எலும்புத் துணுக்குகளும் சிதையாமல், கூர்விளிம்புகளோடு இருந்தன. நீரோ காற்றோ தூக்கி வந்திருந்தால் அவை நொறுங்கியிருக்கும். அந்த எலும்புகள் சுமார் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக் கண்டவை. வயது ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகள். 2012இல் வெளியான இந்த ஆய்வை, தீயைக் கையாண்டதற்கான மிக வலுவான பழஞ்சான்றுகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

கருவிகள் இன்னும் பழையவை. அவை கிடைத்த அடிப் படிவுகளின் வயது சுமார் 18 லட்சம் ஆண்டுகள். எப்படிக் கணித்தார்கள்? வெளியில் கிடக்கும் குவார்ட்ஸ் மணலில் விண்கதிர்கள் கதிரியக்க அலுமினியத்தையும் பெரிலியத்தையும் உண்டாக்கும். மணல் குகைக்குள் புதைந்ததும் அது நின்றுவிடும். பிறகு இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதையும். மிஞ்சிய விகிதமே கடிகாரம். பூமியின் காந்தத் திசை அவ்வப்போது தலைகீழாக மாறும்; படிவுகளில் உறைந்திருக்கும் அந்தத் திசையும் இக்கணிப்புக்குத் துணைநிற்கிறது.

குடும்பமாக நிரந்தரமாகத் தங்கினார்கள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். நீண்ட இடைவெளிகளில் வந்து போனதையும் இதே படிவுகள் காட்டக்கூடும்.