ஓடும் கார் சூடானதும் நின்று, உடனே ஸ்டார்ட் ஆகாதது ஏன்?

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஆறியதும் தானாக ஓடுகிறது. பெட்ரோல் காரில் இப்படி என்றால் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல்தான். எஞ்சினின் முக்கிய சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட் எந்த நிலையில், என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று எஞ்சின் கணினிக்குச் சொல்லும் சிறு பாகம் அது. தாளம் நின்றால் ஆட்டமும் நிற்பதுபோல, அந்தச் சிக்னல் நின்றால் பெரும்பாலான கார்களில் ஸ்பார்க்கும் பெட்ரோலும் நின்றுவிடும். பழைய சென்சாரின் உள் இணைப்பு சூட்டில் விரிந்து விட்டுப்போகும், ஆறினால் மறுபடி சேரும். அதனால்தான் ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் கோளாறு மறைந்துவிடுகிறது.

ஆறுவதற்குள், நின்ற இடத்திலேயே சோதிப்பது முக்கியம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனரில் (கார் கணினியோடு இணைத்துக் கோளாறு பார்க்கும் கருவி) ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுற்றும் வேகம், பூஜ்யமாகவே இருந்தாலோ, கிராங்க் சென்சார் சர்க்யூட் கோளாறைக் குறிக்கும் பி0335 கோடு வந்தாலோ சென்சார், அதன் கனெக்டர், வயர் மூன்றையும் பாருங்கள். ஆர்பிஎம் சரியாகக் காட்டினால் பெட்ரோல் பக்கம் திரும்புங்கள்: சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியில் ஓரிரு வினாடி பம்ப் ரீங்காரம் கேட்கிறதா? இல்லையென்றால் முதலில் ஃப்யூஸ், பம்புக்கு மின்சாரம் விடும் ஸ்விட்சான ரிலே, பிறகு பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள்.

பலரும் உடனே பேட்டரியை மாற்றுகிறார்கள். ஸ்டார்ட்டர் வழக்கமான வேகத்தில் சுற்றினால் பேட்டரி பெரும்பாலும் காரணமல்ல.